மொய் நோட்டு தெரியுமா? அப்ப டேட்டாபேஸும் தெரியும்!

செமஸ்டர், அரியர், அசைன்மென்ட்னு எல்லாரும் பிஸியா இருப்பீங்க. இருந்தாலும் இந்த வாரம் ஒரு பத்து நிமிஷம் எக்ஸ்ட்ரா கொடுங்க. மேட்டர் கொஞ்சம் சீரியஸ்.

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தாங்க. நாலே வரிதான். ‘நான் பி.ஏ. ஹிஸ்டரி ஃபைனல் இயர். கம்ப்யூட்டர் துறையில வேலை பார்க்கணும்னு ஆசை. கிளாஸ்ல சொன்னா சிரிக்கிறாங்க. வீட்டுல சொன்னா, அதுக்கு இன்ஜினீயரிங்ல படிச்சிருக்கணும்ங்கிறாங்க. நான் ஆசைப்படறது தப்பா?’

தப்பே இல்லீங்க தோழி! இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லலை. எங்க வீட்டுலயே ஒரு பி.ஏ. ஹிஸ்டரி இருக்காங்க. என் பெரியம்மா பொண்ணு. இந்த வாரம் கதாநாயகி அவங்கதான். பேரைப் போட்டா உதைப்பாங்க. அதனால வெறும் ‘அக்கா’.

கழுத்துச் செயின் போன கதை

அக்கா டிகிரி முடிச்ச கையோட, ‘100% வேலை உத்தரவாதம்’னு ஒரு நோட்டீஸைப் பார்த்தாங்க. மூணு மாச ஜாவா கோர்ஸ், ஃபீஸ் 60 ஆயிரம். பெரியம்மா ஒரு வார்த்தை பேசலை. கழுத்துல கிடந்த செயினைக் கழற்றிக் கொண்டுபோய் பேங்க்ல நகைக்கடன் வெச்சுட்டு வந்தாங்க.

முதல் மாசம் ஸ்லைடு ஓட்டினாங்க. ரெண்டாவது மாசம் பாடம் எடுத்தவர் மாறினார். மூணாவது மாசம் ‘பிளேஸ்மென்ட்’டுனு சொல்லி ரெண்டு இன்டர்வியூவுக்கு அனுப்பினாங்க. ரெண்டுமே போன்ல லோன் வாங்கச் சொல்லிப் பேசுற வேலை. நாலாவது மாசம் போய் நின்னா, கதவுல பூட்டு! வாங்கின பணத்துக்கு ரசீதுகூட ஒழுங்கா இல்லை.

அக்கா ஊருக்குத் திரும்பி வந்து ஒரு ஜெராக்ஸ் கடையில டைப்பிங் வேலைக்குச் சேர்ந்தாங்க. மாசம் ஆறாயிரம். எங்க அப்பத்தா தினமும் ஒரு தடவை சொல்லும்... ‘பதினஞ்சு வருசம் படிச்ச புள்ள, தாளை வெச்சுத் தாளு எடுக்குதாக்கும்!’ அக்கா பதில் பேச மாட்டாங்க. ராத்திரி சாப்பிடாமப் படுத்துடுவாங்க.

இந்தக் கதையில திருப்பம் வந்தது ஒரு கல்யாணத்துல. அங்கே எழுதின மொய் நோட்டுல!

மொய் நோட்டுக்குள்ள என்ன இருக்கு?

நம்ம பக்கத்துல மொய் நோட்டோட மகிமையைப் பத்தி நான் சொல்லணுமா என்ன? மாமா கல்யாணம் முடிஞ்ச மறுநாள் வீட்டுல ஒரே சண்டை. ‘அவுக வீட்டு விசேசத்துக்கு நாம ஆயிரத்து ஒண்ணு செஞ்சோம். அவுக ஐநூறுதானே எழுதியிருக்காக!’னு ஒரு பக்கம். ‘இல்ல, அது வேற ராமநாதன்!’னு இன்னொரு பக்கம். அக்கா ஒரு முடிவோட பழைய நோட்டு, புது நோட்டு எல்லாத்தையும் தூக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. ‘தம்பி, நீ இன்ஜினீயருக்குத்தானே படிக்கிறே... இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, கேட்ட கேள்விக்குப் பதில் வர்ற மாதிரி பண்ணித் தாடா.’

ஃப்ரெண்ட்ஸ், உண்மையை ஒப்புக்கிறேன். எனக்குத் தெரியலை! அப்ப நான் ஃபர்ஸ்ட் இயர். சி லேங்குவேஜ் ரெக்கார்டு நோட்டை சீனியர் நோட்டைப் பார்த்து அழகான கையெழுத்துல காப்பியடிச்சவன். புரோகிராம் எழுதுன்னா வியர்த்துடும். ஆனா மானம் போகக் கூடாதே! ஹாஸ்டல் சீனியர்கிட்ட கேட்டேன். ‘எஸ்.க்யூ.எல். கத்துக்கோ. எஸ்.க்யூ.லைட்னு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது’ன்னார். 2000-ல் ரிச்சர்ட் ஹிப் என்கிற அமெரிக்கர் எழுதின குட்டி டேட்டாபேஸ் அது. யாரும் அனுமதி கேட்காம, பைசா கொடுக்காமப் பயன்படுத்தலாம். உங்க பாக்கெட்டுல இருக்கிற செல்போனுக்குள்ளேயும் அது இருக்கு!

பழைய லேப்டாப்பை நடுவுல வெச்சுக்கிட்டு அக்காவும் நானும் உட்கார்ந்தோம். இப்ப உங்களுக்கும் அதையே சொல்றேன், கவனிங்க.

மொய் நோட்டுல மூணு பத்தி இருக்கும். ஊர், பேர், தொகை. அதுதான் ‘டேபிள்’. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. அது ‘ரோ’. ‘தேவகோட்டைக்காரங்க மட்டும் யார் யாரு?’ன்னு கேட்டா, அது ‘வேர்’. ‘ஊர் வாரியா எவ்வளவு வந்திருக்கு?’ன்னு கூட்டச் சொன்னா, அது ‘குரூப் பை’. ‘நாம அவங்களுக்குச் செஞ்சது எவ்வளவு, அவங்க திருப்பிச் செஞ்சது எவ்வளவு?’ன்னு ரெண்டு நோட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒத்துப் பார்க்கிறோம் பாருங்க, அதுதான் கிளாஸ்ல பாதிப் பேரைப் பயமுறுத்துற ‘ஜாயின்’!

சரி, ‘அது வேற ராமநாதன்’ பிரச்னை? அதுக்கும் பேர் இருக்கு. ‘பிரைமரி கீ.’ ஒரே பேர்ல பத்துப் பேர் இருந்தாலும் ஒருத்தரை மட்டும் பிரிச்சுக் காட்டுற அடையாளம். செட்டிநாட்டு வணிகக் குடும்பங்கள் பேருக்கு முன்னால வரிசையா எழுத்துகளைப் போட்டு ‘விலாசம்’னு வெச்சிருந்தாங்களே... பர்மா, மலேயா, சிலோன்னு எங்கே போனாலும் ஒரு ராமநாதனை இன்னொரு ராமநாதனோட குழப்பிக்காம இருக்க உதவின ஏற்பாடு அது. பிரைமரி கீ செய்யற வேலையும் அதேதான்.

மூணு வாரத்துல அக்கா என்னைத் தாண்டிப் போயிட்டாங்க. எனக்கு அது கொஞ்சம் அவமானமா இருந்தது. அப்புறம் யோசிச்சா, அதுல ஆச்சரியமே இல்லை. நான் மார்க்குக்குப் படிச்சேன். அக்காவுக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேணும். தேவை இருக்கிறவங்க வேகமாக் கத்துக்கிறாங்க.

கோட்டையூர்க்காரங்க ரெண்டு பேர்

‘அதெல்லாம் சரிப்பா, ஆர்ட்ஸ் படிச்சவங்களுக்கும் டெக்னாலஜிக்கும் என்ன சம்பந்தம்?’னு கேட்கிறவங்க காரைக்குடியிலேயே இருக்காங்க. அவங்களை செக்ரி வாசலுக்குக் கூட்டிட்டுப் போகணும்.

மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வரணும்னு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 1952-ல் இங்கே இன்ஜினீயரிங் காலேஜ். அதுக்கும் முன்னாடியே 1944-ல் சென்னை கிண்டியில டெக்னாலஜி காலேஜ். இவ்வளவுக்கும் காரணமான கோட்டையூர்க்காரர் என்ன படிச்சார் தெரியுமா? சென்னை பிரசிடென்ஸி காலேஜில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம். அப்புறம் லண்டன்ல பாரிஸ்டர் படிப்பு. அங்கேயே விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டார்!

‘அவர்கிட்ட பணம் இருந்தது’ன்னு சொல்வீங்க. நியாயம்தான். நம்மகிட்ட 300 ஏக்கர் இல்லை, 300 சதுர அடியே வாடகை. சரி, அப்ப அதே கோட்டையூர்ல இன்னொருத்தரைப் பார்ப்போம். ரோஜா முத்தையா. ‘ரோஜா ஆர்ட்ஸ்’னு வெச்சு சைன் போர்டு எழுதினவர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம்னு கிடைச்சதையெல்லாம் சேர்த்தார். கிட்டத்தட்ட ஒரு லட்சம்! 1992-ல் அவர் இறந்த பிறகு, 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சிதறாம தமிழ்நாட்டிலேயே வைக்க ஏற்பாடு செஞ்சது. 1996-லிருந்து சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். முதல்ல மைக்ரோஃபிலிம், அப்புறம் டிஜிட்டல்னு அந்தப் பக்கங்களைக் காப்பாத்துறாங்க.

இதுல நமக்கு என்ன பாடம்? ஒரு புத்தகத்தை ஸ்கேன் பண்றது மிஷின் வேலை. அது என்ன புத்தகம், எந்த வருஷப் பதிப்பு, எந்தத் தலைப்புல சேர்க்கணும், எப்படித் தேடினா கிடைக்கணும்னு முடிவு பண்றது வரலாறும் தமிழும் தெரிஞ்ச மனுஷன் வேலை. அந்த வேலைக்கும் இன்னிக்கு டெக்னாலஜி வேலைன்னுதான் பேர்.

தமிழ் வாத்தியாரும் கெமிஸ்ட்ரி விஞ்ஞானியும்

இன்னும் ரெண்டு பேர். இன்னிக்கு நாம செல்லுல சர்வசாதாரணமா தமிழ்ல டைப் பண்றோம். 1990-களில் அது பெரும் போராட்டம். அந்தப் போராட்டத்துல முன்னால நின்னவங்களில் ஒருத்தர் சிங்கப்பூர் நா.கோவிந்தசாமி. எழுத்தாளர், தமிழ் விரிவுரையாளர். ‘கணியன்’ என்கிற தமிழ் எழுத்துரு முறையை உருவாக்கினார். 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே இணையத்தில் ஏற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு. 1997-ல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின்னால நின்றவரும் அவர்தான். டெக்னிகல் பக்கத்துக்கு அவர் தனியா மல்லுக்கட்டலை. பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளோட சேர்ந்து உட்கார்ந்தார். தமிழ் எப்படி இயங்குதுன்னு அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் எப்படி இயங்குதுன்னு அவங்களுக்குத் தெரியும். வேலை நடந்தது.

அடுத்தவர் சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரம். தொழில், வேதியியல் ஆராய்ச்சி. ஆனா ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கல் அன்னிக்கு ‘மதுரைத் திட்டம்’ ஆரம்பிச்சு, சங்க இலக்கியத்திலிருந்து பல நூல்களை இலவச மின்நூலாக்க வழி செஞ்சார். உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளம் வாங்காம டைப் அடிச்சுக் கொடுத்தாங்க.

வெளிநாட்டு உதாரணம் வேணுமா? 1987-ல் ‘பெர்ல்’ என்கிற கம்ப்யூட்டர் மொழியை வெளியிட்ட லாரி வால், மொழியியல் படிச்சவர். எழுத்து இல்லாத மொழிக்கு எழுத்து உருவாக்கித் தரணும்னு கிளம்பினவர், கடைசியில கம்ப்யூட்டருக்கே ஒரு மொழி கொடுத்துட்டார்!

உங்க டிகிரிக்கு எந்த வாசல்?

கம்ப்யூட்டர் கம்பெனின்னா எல்லாரும் புரோகிராம் எழுதுறதில்லை. வாசல் நிறைய. உங்க டிகிரியை வீட்டுல விட்டுட்டுப் போகாதீங்க, கையோட எடுத்துட்டுப் போங்க.

பி.காம். நண்பர்களே! சிட்டை, பேரேடு, ஐந்தொகைனு கணக்கெழுதி உலகம் சுத்தின மண்ணு இது. டேலி எப்படி வந்தது தெரியுமா? தன் வியாபாரக் கணக்கைப் பார்க்கச் சரியான சாஃப்ட்வேர் கிடைக்கலைன்னு ஷியாம் சுந்தர் கோயங்கா தன் மகன் பரத்தை எழுதச் சொன்னார். 1986-ல் பிறந்தது அந்த சாஃப்ட்வேர். கணக்குத் தெரிஞ்சவரோட தேவையிலிருந்துதான் வந்தது. கம்பெனிகளுக்கு கணக்கு, ஸ்டாக், சம்பளம் எல்லாத்தையும் இணைக்கிற ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் போடும்போது, ஜி.எஸ்.டி. எங்கே எப்படி விழும்னு சொல்ல உங்களை மாதிரி ஆள் வேணும். டேலி, எக்ஸெல், எஸ்.க்யூ.எல். மூணையும் வரிசையாப் பிடிங்க.

பி.ஏ. இங்கிலீஷ், தமிழ் நண்பர்களே! ஒரு சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்தணும்னு எழுதிக் கொடுக்கிறது ‘டெக்னிகல் ரைட்டிங்’. ஆப்-ல வர்ற வார்த்தைகளைத் தமிழுக்குக் கொண்டுவர்றது ‘லோக்கலைசேஷன்’. பேங்க் ஆப்-ல வர்ற தமிழைப் படிச்சுத் தலை சுத்தியிருக்கா? அங்கே உங்க நாற்காலி காலியா இருக்குன்னு அர்த்தம்! தமிழ்ல பேசுற, எழுதுற ஏ.ஐ.க்கும் அது சொல்றது சரியான தமிழான்னு சரிபார்க்க இலக்கணம் தெரிஞ்சவங்க தேவை.

சைக்காலஜி, சோஷியாலஜி படிக்கிறவங்களுக்கு, ஒரு ஆப்-ஐ மனுஷங்க எங்கே தடுமாறுறாங்கன்னு பார்த்துப் பேசிக் கண்டுபிடிக்கிற ‘யூசர் ரிசர்ச்’. படம் வரையத் தெரிஞ்சவங்களுக்கு டிசைன்.

ஹிஸ்டரி? அதைக் கடைசியில சொல்றேன். அக்கா காத்திருக்காங்க!

எங்கே படிக்கலாம்... காசு எவ்வளவு?

முதல்ல இலவசம். ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்ஸியும் சேர்ந்து 2003-ல் ஆரம்பிச்ச என்.பி.டி.இ.எல். பாடங்களைக் காசில்லாமப் பார்க்கலாம். சர்ட்டிஃபிகேட் வேணும்னா மட்டும் தேர்வுக் கட்டணம். ‘ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூஸிங் பைத்தான்’னு ஒரு பாடம் இருக்கு. முன்ன பின்ன புரோகிராமே பார்க்காதவங்களுக்கு நல்ல தொடக்கம்.

அடுத்து, சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். டேட்டா சயின்ஸ். 2020-ல் ஆன்லைன்ல ஆரம்பிச்சது. ஜே.இ.இ. கிடையாது. ப்ளஸ் டூவில எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி, பத்தாவதுல கணக்கும் இங்கிலீஷும் படிச்சிருந்தாப் போதும். நாலு வாரம் பாடம் படிச்சு, தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும். இப்ப படிக்கிற டிகிரியோட சேர்த்தே படிக்கலாம். பாதியில நிறுத்தினாலும் முடிச்ச அளவுக்குச் சான்றிதழ், டிப்ளோமான்னு கையில ஏதாவது இருக்கும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனா, ஈஸின்னு நினைச்சுச் சேராதீங்க. கணக்கு கடிக்கும்!

எம்.சி.ஏ. இன்னொரு வழி. 2020-லிருந்து ரெண்டு வருஷப் படிப்பு. ப்ளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு ஒரு பாடமா இருந்திருந்தா, எந்த டிகிரிக்காரரும் டான்செட் எழுதலாம். அஞ்சல் வழியில எந்த கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்ந்தாலும், அந்த வருஷத்துக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கான்னு பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. மத்திய அரசோட நீலிட் நடத்துற ‘ஓ லெவல்’ தேர்வும் இருக்கு. சென்டர்ல சேராம நேரடியாவும் எழுதலாம்.

வீட்டுல ப்ளஸ் டூ முடிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா அவங்களுக்கு ஒரு தகவல். ஸோஹோ 2000-களின் நடுவிலிருந்தே பள்ளிப் படிப்பு, டிப்ளோமா முடிச்சவங்களை எடுத்து, ஃபீஸ் வாங்காம உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருது. இதுவரை அங்கே சேர்ந்தவங்க பலர் சின்ன ஊர்ப் பிள்ளைகள்.

யோசிச்சா இது ஒண்ணும் புதுசே இல்லை. பழைய செட்டிநாட்டு வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாத்தான் சேருவாங்க. கூட இருந்து பார்த்து, எடுபிடி செஞ்சு, கணக்கெழுதிப் பழகி அடுத்தாள் ஆவாங்க. அப்புறம் மேலாள். அங்கே யாரும் டிகிரி கேட்கலை. கணக்கு உதைக்காம இருக்கான்னு மட்டும்தான் பார்த்தாங்க!

கசப்பு மருந்து

இனிப்பை மட்டும் கொடுத்து அனுப்ப மாட்டேன். சில உண்மைகள்.

ஒண்ணு... பெரிய கம்பெனிகள் பலதும் கேம்பஸுக்கு வரும்போதே இன்ன டிகிரி, இத்தனை பர்சென்ட்டுனு கோடு போட்டுடுவாங்க. அந்தக் கேட்டு வழியா உங்களால போக முடியாமப் போகலாம். சின்ன கம்பெனிதான் உங்க முதல் வாசல். சம்பளமும் சின்னதாத்தான் இருக்கும்.

ரெண்டு... ஏ.ஐ. இப்ப கோடு எழுதித் தருது. அதனால ‘எழுதத் தெரியும்’கிறது மட்டும் போதாது. அது எழுதினது சரியான்னு பார்க்கத் தெரியணும். சொன்னதை டைப் அடிக்கிற வேலை குறையும். சரிபார்க்கிற, சந்தேகப்படுற வேலைக்கு மரியாதை கூடும்.

மூணு... ‘ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட் நாங்களே தர்றோம்’னு ஒரு கூட்டம் வரும். தொடவே தொடாதீங்க! வேலைக்குச் சேர்ந்த பிறகும் கம்பெனி விசாரிக்கும். மாட்டினா வேலையும் போகும், பேரும் போகும்.

நாலு... பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. போன பேட்ச்ல படிச்ச ரெண்டு பேரை நான் நேர்ல பார்க்கலாமா? ஃபீஸை மாசா மாசம் கட்டலாமா? ‘வேலை உத்தரவாதம்’னா என்னன்னு ரசீதிலேயே எழுதித் தருவீங்களா? இதுல ஒண்ணுக்கு முகம் சுளிச்சாலும் எழுந்து வந்துடுங்க. இந்த மூணு கேள்வியோட விலை எங்க வீட்டுக்கு 60 ஆயிரம். உங்களுக்கு ஃப்ரீ!

சரி, அக்கா என்ன ஆனாங்க?

ஜெராக்ஸ் கடை வேலையை அக்கா விடலை. காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ரெண்டு மணி நேரம், அவ்வளவுதான். எஸ்.க்யூ.எல். முடிச்சு, கொஞ்சம் பைத்தான் தொட்டு, கடைசியில ‘டெஸ்ட்டிங்’ல வந்து நின்னாங்க. அதாவது, அடுத்தவங்க செஞ்ச சாஃப்ட்வேர்ல எங்கே ஓட்டைன்னு கண்டுபிடிக்கிற வேலை. அதுக்குன்னே ஐ.எஸ்.டி.க்யூ.பி.னு உலக அளவுல ஒரு தேர்வு இருக்கு. அடிப்படைத் தேர்வு எழுத எந்த டிகிரின்னு கேட்கிறதில்லை.

பதினோரு இடத்துல ‘பி.ஏ.வா?’ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. பன்னிரண்டாவது, மதுரையில ஒரு சின்ன கம்பெனி. உள்ளே கூப்பிட்டு ஸ்க்ரீன்ல ஒரு லாகின் பக்கத்தைக் காட்டி, ‘இதை எப்படி டெஸ்ட் பண்ணுவே?’ன்னு கேட்டிருக்காங்க. அக்கா வரிசையாச் சொல்லியிருக்காங்க. எதுவுமே டைப் பண்ணாம என்டர் தட்டுவேன். பேருக்கு முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டுப் பார்ப்பேன். தமிழ்ல பேர் அடிப்பேன். பாஸ்வேர்டை அஞ்சு தடவை தப்பாப் போட்டா என்ன சொல்லுதுன்னு பார்ப்பேன். வெளியே வந்த பிறகு பேக் பட்டனை அழுத்தினா உள்ளே விடுதான்னு பார்ப்பேன். நெட் பாதியில கட் ஆனா?

‘நீங்க ஹிஸ்டரிதானே படிச்சீங்க?’ன்னு அந்த சார் கேட்டாராம்.

‘ஆமா சார். ஒரு கல்வெட்டு சொல்றதை அப்படியே நம்பக் கூடாதுன்னுதான் மூணு வருஷம் சொல்லிக் கொடுத்தாங்க. யார் எழுதினது, எப்ப எழுதினது, வேற ஆதாரம் ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். இதுவும் அதேதான்.’

வேலை கிடைச்சுடுச்சு! இதோ, ஹிஸ்டரி படிக்கிறவங்களுக்கு நான் கடைசியில சொல்றேன்னு சொன்ன வாசல் இதுதான். சந்தேகப்படத் தெரிஞ்சவங்களுக்கும், கண்டுபிடிச்சதை ஒழுங்கா எழுதி வைக்கத் தெரிஞ்சவங்களுக்கும் டெஸ்ட்டிங் சொந்த வீடு மாதிரி. என்ன செஞ்சேன், என்ன வரணும், என்ன வந்தது... இந்த மூணையும் தெளிவா எழுதினா அதுதான் நல்ல பக் ரிப்போர்ட்.

சினிமா மாதிரி முடிக்க ஆசைதான். ஆனா நிஜம் வேற. சம்பளம் 14 ஆயிரம். ஹாஸ்டல், சாப்பாடு போக மிச்சம் கொஞ்சம்தான். பெரியம்மாவோட செயின் இன்னும் பேங்க்லதான் இருக்கு. வட்டியை மட்டும் விடாமக் கட்டிட்டு வர்றாங்க. தீபாவளிக்குள்ள மீட்டுடணும்னு ஒரு டார்கெட்.

போன மாசம் ஊருக்கு வந்தப்போ அப்பத்தா கேட்டுச்சு... ‘என்ன வேலைத்தா பாக்குறே அங்கிட்டு?’

‘அடுத்தவுக செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கிற வேலை அப்பத்தா.’

அப்பத்தா கொஞ்ச நேரம் யோசிச்சுது. ‘அதுக்கா சம்பளம் தாராக? அப்படின்னா நான் இத்தனை வருசமா சும்மாவா பாத்துட்டேன்!’

தேவகோட்டைத் தோழிக்கும், அவங்களை மாதிரி எழுதத் தயங்கிக்கிட்டு இருக்கிற எல்லாருக்கும் இந்த வாரம் ஒரு ஹோம்வொர்க். உங்க வீட்டு மொய் நோட்டை எடுங்க. ஐம்பது வரியை கம்ப்யூட்டர்ல ஏத்துங்க. லேப்டாப் இல்லைன்னா காலேஜ் லேப், இல்லைன்னா நூலகம். அதுகிட்ட மூணு கேள்வி கேட்டுப் பதில் வாங்குங்க. பதில் வந்த அன்னிக்கு எனக்கு எழுதுங்க. வரலைன்னாலும் எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம். எனக்கும் ஜாயின்ல இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கு!

அடுத்த வாரம் சந்திப்போம். டாட்டா!